ஒரே மரம், ரெண்டு தண்ணி: முட்டையில்லா ரொட்டியின் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. பூஜை முடிஞ்சு வீட்டுக்குப் போய், சாப்பிட்டுட்டு, நிதானமா உட்கார்ந்து படிங்க.

சில மாதங்களாக நம் கோயில் மண்டபத்துச் சமையலறையில் தொண்டர்கள் நாங்கள் பன்னும் கேக்கும் சுட்டுக் கொடுத்து வருகிறோம். முட்டை இல்லை, பால் இல்லை, வெண்ணெய் இல்லை. அர்ச்சனைத் தேங்காய் உடைக்கும்போது பாத்திரத்தில் சேர்கிற தண்ணியை வடிகட்டி, அதில்தான் மாவு பிசைகிறோம். தைப்பூச விரதம் இருக்கிற பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு என்ன எடுத்துப் போவது என்று தாய்மார்கள் கேட்டதில் ஆரம்பித்த வேலை இது. கடையில் வாங்குகிற பன்னில் முட்டை இருக்கா, என்ன கொழுப்பு போட்டிருக்கான் என்று ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் படிக்க வேண்டியிருக்கு, இல்லையா?

சாப்பிட்டவர்கள் நல்லா இருக்குன்னு சொன்னார்கள். ஆனால் கூடவே ரெண்டு கேள்வியும் வந்தது.

இளைஞர்கள் கேட்டது: "இது வீகன் பேக்கிங்தானே? வெள்ளைக்காரன் ஃபேஷன் கோயிலுக்கும் வந்துருச்சா?"

பெரியவர்கள் கேட்டது: "தேங்காய்த் தண்ணியில மாவைப் புளிக்க வெச்சா அது கள்ளு போட்ட மாதிரிதானே? கோயில்ல அதைச் செய்யலாமா?"

ரெண்டாவது கேள்வியைச் சிரிச்சிட்டு ஒதுக்க முடியாது. நம் கோயில் ஒரு காலத்தில் தோட்டத்துக் கோயில். ரப்பர் மரம் இருந்த இடத்தில் இன்று தாமான் வந்துவிட்டது. ஆனால் கள்ளுக்கடையால் அழிந்த குடும்பங்களின் கதை தெரியாத வீடு இந்த வட்டாரத்தில் குறைவு. அதனால் ரெண்டு கேள்விக்கும் சேர்த்து, தெரிந்த வரலாற்றை எழுதுகிறோம்.

கள் வேறு, தேங்காய்த் தண்ணி வேறு

முதலில் இதைத் தெளிவாக்கிவிடுவோம். கள் தேங்காய்க்குள் இருந்து வருவதில்லை. தென்னையின் விரியாத பாளையைக் கட்டி, தட்டி, நுனியைச் சீவிவிட்டால் சொட்டுச் சொட்டாக ஒரு சாறு இறங்கும். அதில் சர்க்கரை ஏறக்குறைய 15 சதவீதம். மரத்தில் கட்டிய கலயத்திலேயே காற்றில் உள்ள ஈஸ்ட் அதில் விழுந்து புளிக்க ஆரம்பித்துவிடும். சில மணி நேரத்தில் போதை ஏறிய கள் ஆகிவிடும். கலயத்தில் சுண்ணாம்பு தடவி வைத்தால் புளிப்பது தடைபடும், அதுதான் பதநீர்.

தேங்காய்த் தண்ணி என்பது காய்க்குள் இருக்கிற நீர். முளைக்கப் போகிற கருவுக்காக மரம் சேர்த்து வைக்கிற உணவு. அதில் சுமார் 95 சதவீதம் வெறும் தண்ணீர்தான். இளநீரில் இனிப்பு கூடுதலாக இருக்கும். நாம் அர்ச்சனைக்கு உடைக்கிற முற்றிய காயில் குறைந்துவிடும், கொஞ்சம் உப்புக் கரிக்கும். அதனால் அதைத் தனியாகப் புளிக்க வைத்தாலும் கள்ளின் அளவுக்குப் போதை ஏறாது. அதற்கு வேண்டிய சர்க்கரையே அதில் கிடையாது.

நம்ம பேச்சுவழக்கில் 'தண்ணி' என்கிற ஒரே வார்த்தைக்கு ரெண்டு பொருள். குடிக்கிற நீரும் தண்ணி. ஒருத்தர் 'தண்ணி போட்டிருக்கார்' என்றால் அது வேற தண்ணி. தென்னை மரமும் அப்படித்தான். ஒரே மரம், ரெண்டு தண்ணி. எதை இறக்குகிறோம், எதை உடைத்து எடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கு.

மாவு உப்புவதற்கு ஒரு காலத்தில் கள்தான்

பெரியவர்களின் சந்தேகத்துக்கு நியாயமான காரணமும் உண்டு. மாவைப் பொங்க வைக்கக் கள்ளைப் பயன்படுத்தியது உண்மை. ஈஸ்ட் என்பது உயிருள்ள பொருள். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில், நம் மாதிரி வெப்ப நாட்டில், அதைப் பாதுகாத்து வைப்பது கஷ்டம். சூடு தாங்குகிற உலர் ஈஸ்ட் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான் அமெரிக்காவில் உருவானது. அதற்கு முன்னால் தென்னை வளரும் ஊர்களில் கையருகே இருந்த ஈஸ்ட், கள்ளில் இருந்த ஈஸ்ட்தான்.

போர்த்துகீசியர் 1510இல் கோவாவைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே, 1511இல், நம் மலாக்காவையும் பிடித்தார்கள். அவர்களுக்கு ரொட்டி இல்லாமல் முடியாது. கோவாவில் ரொட்டி மாவைப் புளிக்க வைக்கத் தென்னங்கள்ளைத்தான் ஊற்றினார்கள். அந்த முறை அங்கே பல தலைமுறை நீடித்தது. கேரளத்திலும் யாழ்ப்பாணத்திலும் அப்ப மாவுக்குக் கள் விடுவது பழைய வழக்கம்.

ஆனால் கள்ளை வீட்டு வாசலுக்குள்ளேயே விடாத குடும்பங்களும் அப்பம் சுட்டன. எப்படி? தேங்காய் உடைத்த தண்ணியில் கொஞ்சம் சர்க்கரையைப் போட்டு, அரைத்த அரிசி மாவில் கலந்து, ராத்திரி முழுக்க மூடி வைத்துவிடுவார்கள். காலையில் மாவு பொங்கி நிற்கும். ஓரம் முறுகலாக, நடுவில் பஞ்சு மாதிரி அப்பம் வரும். முட்டை வேண்டாம், கள்ளும் வேண்டாம். இன்றைக்கும் நம் வீடுகளில் பாட்டிமார் செய்கிற முறைதான் இது. இந்த அப்பம் நம்மோடு கடல் கடந்து வந்து, மலாய்க்காரர் வாயில் 'அப்பாம்' ஆகி, பினாங்குத் தெருவில் 'அப்போம்' என்றும் ஆகிவிட்டது.

ஆக, தேங்காய்த் தண்ணியில் மாவு புளிக்க வைப்பது கள்ளுக்கு நெருங்கிய சொந்தம் இல்லை. கள் வேண்டாம் என்று சொன்னவர்கள் பிடித்துக்கொண்ட வழி அது.

தோட்டமும் கள்ளுக்கடையும்

இந்த நாட்டில் கள் என்றால் அப்பத்துக்கு ஊற்றுகிற ஒரு கரண்டி அல்ல. ரப்பர்த் தோட்டங்களில் உரிமம் பெற்ற கள்ளுக்கடை இருந்தது. காலையில் இருட்டோடு பால்வெட்டுக்குப் போய், வெயிலில் திரும்பி வருகிற தொழிலாளிக்குப் பக்கத்திலேயே கிடைத்த பொழுதுபோக்கு அதுதான். கொடுத்த கூலி கடை வழியாகத் திரும்பிப் போனது. அடுப்பு எரியாத வீடு, அடி வாங்கிய மனைவி, பள்ளிக்கூடம் போகாத பிள்ளை. இதையெல்லாம் விவரிக்க வேண்டியதில்லை, உங்களில் பலருக்கு எங்களைவிட நல்லா தெரியும்.

அதை எதிர்த்து நம் ஆட்களே எழுந்தார்கள் என்பதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் இருந்தார். தொழிலாளர்கள் கேட்டவற்றில் கூலி உயர்வு இருந்தது, பிள்ளைகளுக்குப் படிப்பு இருந்தது, மருத்துவ வசதி இருந்தது. துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகிற உரிமை கூட இருந்தது. அந்தப் பட்டியலிலேயே இன்னொன்றும் இருந்தது: தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு. நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள். ராணுவம் வந்தது. உயிர்கள் போயின.

போர் முடிந்த பிறகு அந்த நெருப்பு நம் கெடா மாநிலத்தில் எரிந்தது. பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் 'தொண்டர் படை' உருவானது. இளைஞர்கள் அணிவகுத்துப் பயிற்சி எடுத்தார்கள். குடியை விடச் சொன்னார்கள். கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தார்கள். 1947இன் தொடக்கத்தில் போலீசோடு மோதல் வந்தது. உயிர்ச்சேதம், கைது, சிறை என்று அந்த இயக்கம் ஒடுக்கப்பட்டது. அவர்கள் செய்த எல்லாமே சாந்தமாக நடந்தது என்று சொல்ல முடியாது. குடித்தவர்களைத் தண்டித்ததும் உண்டு. ஆனால் கோரிக்கை நியாயமானது. நாங்கள் சட்டையில் குத்திக்கொள்கிற 'தொண்டர்' என்கிற பெயரை இந்த மண்ணில் அவர்களும் சுமந்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்கிறோம்.

பின்னாளில் கள் குறைந்தது. ஆனால் சம்சு வந்து அந்த இடத்தைப் பிடித்தது. அந்தக் கதையை இன்னொரு பதிவில் எழுதுவோம்.

முட்டையில்லா கேக் எங்கிருந்து வந்தது

இப்போது இளைஞர்களின் கேள்விக்கு வருவோம். இது வெள்ளைக்காரன் ஃபேஷனா?

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தில் ஆல்ஃபிரட் பேர்ட் என்று ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். அவர் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, ஈஸ்டும் ஒத்துக்கொள்ளாது. மனைவிக்காக 1837இல் முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரைக் கண்டுபிடித்தார். 1843இல் ஈஸ்ட் இல்லாமல் மாவை உப்ப வைக்கும் பேக்கிங் பவுடரைச் செய்தார். நம் சமையலறை அலமாரியில் இருக்கிற அந்தக் கஸ்டர்ட் டப்பாவின் மூலக்கதை இதுதான். நோயாளி மனைவிக்குக் கணவன் செய்து கொடுத்த உணவு.

அடுத்து 1930களின் பொருளாதார வீழ்ச்சி. அமெரிக்காவில் முட்டையும் வெண்ணெயும் வாங்கக் காசில்லாத தாய்மார்கள் மாவு, சர்க்கரை, சமையல் சோடா, வினிகர், எண்ணெய், தண்ணீர் மட்டும் வைத்துக் கேக் சுட்டார்கள். அதே வீழ்ச்சியில்தான் ரப்பர் விலை விழுந்து, மலாயாத் தோட்டங்களில் இருந்து நம்மவர்கள் பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அங்கே முட்டை வாங்கக் காசில்லை, இங்கே வேலையே இல்லை.

'வீகன்' என்கிற வார்த்தை 1944இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவர் நண்பர்களும் உண்டாக்கியது. அதே காலத்தில் இங்கே ஜப்பான்காரன் ஆட்சி. அரிசி இல்லை, கோதுமை மாவு இல்லை. மரவள்ளிக் கிழங்கைச் சீவி, அரைத்து, தேங்காய்த் துருவல் சேர்த்து வேக வைத்ததுதான் பலகாரம். தோட்டத்து ஆண்களில் பலர் சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பவே இல்லை. வீட்டில் இருந்த பெண்கள் கையில் கிடைத்ததை வைத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டார்கள். அதில் முட்டையும் பாலும் இருந்திருக்க வாய்ப்பில்லை. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் ஃபேஷன் என்று யாரும் வெட்கப்பட வேண்டாம். நோய், பஞ்சம், போர், விரதம். முட்டையில்லாத சமையலுக்கு இவைதான் தாய் வீடு. பால் கூடாது என்று நாங்கள் பிரசாரம் செய்யவும் வரவில்லை. நம் முருகனுக்குப் பாலாபிஷேகம் நடக்கிறது, பால்குடம் எடுக்கிறோம். பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் எல்லாரோடும் உட்கார்ந்து அதே பன்னைச் சாப்பிடணும் என்பதற்காகத்தான் மண்டபத்துப் பன்னில் அதைச் சேர்க்கவில்லை.

தேங்காய்த் தண்ணிக்குள் என்ன இருக்கு

கிள்ளான் வேலைநிறுத்தம் நடந்த அதே 1941இல், அமெரிக்காவில் வான் ஓவர்பீக் என்கிற அறிவியலாளரும் அவர் குழுவும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செடியில் இருந்து மிகச் சிறிய கருவைப் பிரித்தெடுத்தால், சாதாரணச் சத்து நீரில் அது வளராது. தேங்காய்த் தண்ணி சேர்த்தபோது வளர்ந்தது. அவர்கள் எடுத்த செடி எது தெரியுமா? ஊமத்தை. சிவனுக்கு நாம் சாத்துகிற ஊமத்தம்பூவின் இனம்தான். தேங்காய்க்குள் ஓர் உயிரை வளர்க்கிற பொருள் இருக்கு என்பதை அறிவியல் அப்படித்தான் தெரிந்துகொண்டது.

1949இல் பிலிப்பைன்ஸ் நாட்டில், கொப்பரைத் தொழிலில் வீணாகிற தேங்காய்த் தண்ணியைப் புளிக்க வைத்து 'நாட்டா டி கோகோ' செய்ய ஆரம்பித்தார்கள். ஐஸ் கச்சாங்கிலும் பழச்சாற்றிலும் கடிக்கக் கடிக்க வருமே வெள்ளைத் துண்டு, அதுதான். கீழே கொட்டிய தண்ணி ஒரு நாட்டுக்கு ஏற்றுமதிப் பொருளாக ஆனது.

மாவில் இது என்ன செய்கிறது? முட்டை கேக்கில் நாலு வேலை பார்க்கும்: ஒட்ட வைக்கும், காற்றைப் பிடித்து வைக்கும், ஈரம் தரும், ருசி தரும். தேங்காய்த் தண்ணி இந்த நாலையும் தனியாகச் செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஈரத்தையும், லேசான இனிப்பையும், உப்புச் சத்தையும் தரும். அதில் உள்ள சர்க்கரையைச் சாப்பிட்டு ஈஸ்ட் வேகமாக வேலை செய்யும். ஒட்ட வைப்பதைக் கோதுமையில் உள்ள பசையே பார்த்துக்கொள்ளும். ருசிக்குத் தேங்காயெண்ணெய் போதும்.

ஈஸ்ட் போட்ட எந்த மாவிலும் கொஞ்சம் மதுச்சத்து உண்டாகத்தான் செய்யும், கடையில் வாங்குகிற ரொட்டியிலும்கூட. அடுப்புச் சூட்டில் அது பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் மண்டபத்துப் பன் நைவேத்தியம் கிடையாது. சந்நிதிக்கு எது போகும், எது போகாது என்பது குருக்கள் சொல்வதுதான். நாங்கள் சுடுவது பசியாற வருகிறவர்களுக்கு.

வீட்டில் செய்து பார்க்க

பன்: கோதுமை மாவு 500 கிராம், தேங்காய்த் தண்ணி 300 மில்லி, சர்க்கரை 50 கிராம், உலர் ஈஸ்ட் 7 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, தேங்காயெண்ணெய் 50 மில்லி. தண்ணியை முதலில் கொதிக்க வைத்து, வெதுவெதுப்பாக ஆற வைத்து எடுங்க. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம் நன்றாகப் பிசையணும். ஒரு மணி நேரம் மூடி வைத்தால் இரு மடங்காகும். உருட்டி, தட்டில் அடுக்கி, இன்னும் 40 நிமிஷம் விடுங்க. 180 டிகிரியில் 20 நிமிஷம் சுட்டால் போதும். மேலே மினுமினுப்பு வேண்டும் என்றால் முட்டைக்குப் பதில் சந்தானில் கொஞ்சம் சர்க்கரை கரைத்துத் தடவுங்க.

கேக்: மாவு 200 கிராம், சர்க்கரை 150 கிராம், சமையல் சோடா ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. தேங்காய்த் தண்ணி 240 மில்லி, எண்ணெய் 80 மில்லி, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி. முதலில் தூளை எல்லாம் கலந்துகொண்டு, அப்புறம் நீரை ஊற்றிக் கலக்கி உடனே அடுப்பில் வைத்துவிடணும். சோடாவும் எலுமிச்சையும் சேர்ந்தால் வாயு கிளம்பும். தாமதித்தால் அது வெளியே போய்விடும், கேக் தட்டையாகிவிடும். 180 டிகிரியில் 30 முதல் 35 நிமிஷம்.

முக்கியமான எச்சரிக்கை: தேங்காய்த் தண்ணி சீக்கிரம் கெட்டுவிடும். உடைத்தவுடன் முகர்ந்து பாருங்க, ஒரு சொட்டு சுவைத்துப் பாருங்க. நாற்றம் அடித்தால், நிறம் மாறியிருந்தால், உள்ளே காய் அழுகியிருந்தால் துப்பிவிட்டு எல்லாத்தையும் கொட்டிடுங்க. கொதிக்க வைத்தால் சரியாயிடும் என்று நினைக்காதீங்க. நல்ல தண்ணியை உடனே குளிர்பெட்டியில் வைத்து அன்றைக்கே பயன்படுத்துங்க. சிறுநீரக நோய் உள்ளவர்கள் இதில் பொட்டாசியம் அதிகம் என்பதால் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்க.

கடைசியாக ஒன்று. தைப்பூசத்தில் பினாங்குத் தேர் வரும் வழியில் தேங்காய் மலைமலையாக உடைவதைப் பார்த்திருப்பீங்க. ரோட்டில் ஓடிய தண்ணியை யாரும் எடுக்க முடியாது. யார் எத்தனை உடைக்கணும் என்று சொல்ல நாங்கள் யார்? அது அவரவர் வேண்டுதல். ஆனால் நம் கோயிலுக்குள் உடைகிற காயின் தண்ணி வீணாக வேண்டாம். கள்ளுக்கடை வாசலில் நின்று ஒரு தண்ணியை வேண்டாம் என்று சொல்லி அடி வாங்கிய தலைமுறையின் பிள்ளைகள் நாம். அதே மரம் தருகிற இந்தத் தண்ணியைக் காலுக்கடியில் கொட்டிவிட்டு நடப்பது நமக்கு அழகில்லை.

ஆகவே அன்பர்களே, அர்ச்சனைத் தேங்காயை வீட்டிலேயே கழுவிக் கொண்டு வாங்க. உடைக்கும் இடத்தில் மூடியோடு எவர்சில்வர் பாத்திரம் வைத்திருக்கிறோம். அதில் பூ, கற்பூரம், விபூதி விழாமல் பார்த்துக்கோங்க. மாவு பிசையக் கை போதவில்லை. வெள்ளிக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு மண்டபத்துப் பின்கட்டுக்கு வந்தால் வேலை இருக்கு, தேத்தண்ணியும் இருக்கு. பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. மாவு பொங்கி வர ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் தோட்டத்துக் கதை தெரிந்த பெரியவர்கள் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து அவர்களுக்குச் சொல்லுங்க.

கோயில் தொண்டர்கள்